ஸ்கின் வாங்கலாம், கேஸ் திறக்க வேண்டாம்: சிஎஸ்2 மார்க்கெட் கணக்கு

கேமுக்குள் பணம் பிடுங்குவது பற்றிப் பேச்சு வந்தாலே கவுன்டர்-ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை (இப்போதைய பதிப்பு சிஎஸ்2) ஆடுபவர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ‘ஆயுதத்துக்குப் போடும் ஸ்கின் வெறும் அலங்காரம், அதைப் போட்டால் குறி கூடிவிடுமா, பிடிக்காதவன் வாங்காமல் இருக்கட்டும்’ என்பது ஒரு கட்சி. ‘பள்ளிக்கூடப் பையன்களைச் சூதாட விடுகிறார்கள்’ என்பது இன்னொரு கட்சி. கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனம் இரண்டு கடை நடத்துகிறது. ஒன்றில் என்ன விழும் என்று தெரியாமல் கேஸ் என்ற பெட்டியைத் திறக்கிறோம், மற்றதில், அதாவது மார்க்கெட்டில், வேண்டிய ஸ்கின்னை விலை பார்த்து வாங்குகிறோம். முதல் கட்சி இரண்டாவது கடையை மனதில் வைத்துப் பேசுகிறது, இரண்டாம் கட்சி முதல் கடையை. கணக்கைத் தனித்தனியாகப் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் கேஸ். 2013 ஆகஸ்டில் ஆர்ம்ஸ் டீல் அப்டேட்டோடு வந்தது. திறக்க கீ வேண்டும், ஒன்று 2.49 டாலர். எது விழ எத்தனை வாய்ப்பு என்று வால்வ் தானாக முன்வந்து சொல்லவில்லை. 2017-ல் சீன அரசு கட்டாயப்படுத்தியதால் அங்கே கேமை நடத்தும் பெர்ஃபெக்ட் வேர்ல்ட் நிறுவனம் வெளியிட்ட விகிதத்தைத்தான் இன்றும் எல்லோரும் கையில் வைத்திருக்கிறோம் (நிறம் எவ்வளவு அரிது என்பதைக் காட்டும், நீலம் சாதாரணம்): நீலம் 79.92%, ஊதா 15.98%, பிங்க் 3.2%, சிவப்பு 0.64%, நைஃப் அல்லது கிளவுஸ் 0.26%.

0.26% என்றால் ஏறக்குறைய 385 கேஸுக்கு ஒன்று. கீ செலவு மட்டும் 958 டாலருக்கு மேல். ‘385 திறந்தால் ஒரு நைஃப் உறுதி’ என்று நினைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஒவ்வொரு கேஸும் தனிக் குலுக்கல், முன்னால் எத்தனை திறந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. 385 கேஸ் திறந்த பிறகும் நூற்றில் 37 பேர் நைஃப் பார்க்காமலே இருப்பார்கள். 100 கேஸோடு, அதாவது 249 டாலரோடு நிறுத்திக்கொண்டால் 77 பேருக்குக் கிடைக்காது. அந்த 100-ல் எண்பது நீலம், பெரும்பாலும் கீ விலைகூடப் பெறாதவை.

மார்க்கெட் வேறு மாதிரி. வால்வின் ஸ்டீம் தளத்தில் ஆடுபவர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும் இடம் அது. விலை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கேட்டது கிடைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது கமிஷன். விற்பவருக்கு 100 ரூபாய் போய்ச் சேர வேண்டுமானால் வாங்குபவர் 115 கொடுக்க வேண்டும்: ஸ்டீமுக்கு 5, கேமுக்கு 10. இரண்டுக்கும் குறைந்தபட்சம் ஒரு சென்ட் உண்டு. அதனால் 3 சென்டுக்கு விலைபோகும் ஸ்கின்னில் விற்பவர் கைக்கு வருவது 1 சென்ட்தான். சில்லறை நீல ஸ்கின்களை ஒவ்வொன்றாக விற்றுக் காசு சேர்க்கிறேன் என்று உட்காருவது வீண் வேலை. ஒரே நிறத்தில் பத்தைக் கொடுத்து அடுத்த நிறத்தில் ஒன்று வாங்கும் டிரேட்-அப்பில் போடுவதா என்று யோசிப்பதானால், பத்தின் மொத்த விலையையும் வரக்கூடிய ஒவ்வொன்றின் விலையையும் எழுதிப் பாருங்கள். அதுவும் குலுக்கல்தான், பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும்.

வாங்கும்போது தேய்மான நிலையின் பெயரைப் பார்த்து ஏமாறாமல், ஃப்ளோட் என்ற தேய்மான எண்ணைப் பாருங்கள். 0.07-க்குள் ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்டு-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேல் பேட்டில்-ஸ்கார்டு. ஆட ஆட இந்த எண் மாறாது. 0.149-க்கும் 0.151-க்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் பெயர் மாறியதால் விலை மாறும். அந்த இடத்தில்தான் காசு மிச்சமாகும். ஏடபிள்யூபி துப்பாக்கியின் அசிமோவ் ஸ்கின் 0.18-ல்தான் தொடங்குகிறது, அதனால் அதில் ஃபேக்டரி நியூ என்று ஒன்று கிடையவே கிடையாது. யாராவது விற்கிறேன் என்றால் விலகிவிடுங்கள்.

இரண்டு கடைக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது, முதல் கட்சிக்காரர்கள் பேசத் தவறுவது அதைத்தான். கேஸில் விழுந்ததை விற்க முடியும் என்பதால்தான் கேஸ் சூதாகிறது. நெதர்லாந்து சூதாட்ட ஆணையம் 2018-ல் பிடித்துக்கொண்டதும் இதைத்தான்: பரிசைக் கைமாற்ற முடிந்தால் அதற்குச் சந்தை மதிப்பு உண்டு. அதே ஆண்டு பெல்ஜியமும் தடுத்தது, இரண்டு நாட்டிலும் வால்வ் கேஸ் திறப்பதை நிறுத்தியது. 2019-ல் பிரான்ஸுக்கு மட்டும் எக்ஸ்-ரே ஸ்கேனர் வந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வாங்கலாம், ஆனால் பார்த்ததை வாங்காமல் அடுத்த கேஸை ஸ்கேன் செய்ய முடியாது. பரிசைக் காட்டினாலும் பிடி விடவில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஜெனசிஸ் டெர்மினல் என்ற புதுவகைப் பெட்டியை நான் இதைவிட நேர்மையானதாகவே மதிக்கிறேன். கீ இல்லை. ஐந்து ஸ்கின் வரை விலையோடு காட்டும், பிடித்தால் வாங்கலாம், இல்லையென்றால் சல்லிக்காசு செலவில்லாமல் எழுந்து போகலாம்.

‘நைஃப் வாங்கி வை, தங்கம் மாதிரி ஏறும்’ என்ற பேச்சுக்கு 2025 அக்டோபரில் பதில் கிடைத்தது. ஐந்து சிவப்பு ஸ்கின்னைக் கொடுத்தால் ஒரு நைஃப் அல்லது கிளவுஸ் என்று டிரேட்-அப் விதியை ஒரே அப்டேட்டில் மாற்றினார்கள். அரிதாக இருந்தது அரிதாக இல்லாமல் போனது, நைஃப் விலை சரிந்தது, சிவப்பு ஏறியது. முன்னறிவிப்பு இல்லை, இழப்பீடும் இல்லை. ஸ்டீமின் ஒப்பந்தப்படி ஸ்கின் உங்கள் சொத்தே கிடையாது, பயன்படுத்த அனுமதி மட்டும்தான். விற்று ஸ்டீம் வாலட்டில் விழுந்த பணமும் வெளியே வராது. யுபிஐயில் ஏற்றியதை யுபிஐயில் இறக்க வழியில்லை.

அதனால்தான் பலர் வெளிச் சந்தைக்குப் போகிறார்கள், அங்கேதான் திருட்டு நடக்கிறது. அதில் ஒன்று ஏபிஐ கீ மோசடி. இந்தக் கீ கேஸ் திறப்பது அல்ல, உங்கள் டிரேடுகளை வெளி மென்பொருள் பார்க்கவும் ரத்து செய்யவும் உதவும் ரகசியக் குறியீடு. போலி லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டும் ஸ்டீம் கார்ட் (Guard) பாதுகாப்புக் கோடும் கொடுத்தவுடன், திருடன் உங்கள் அக்கவுன்டில் ஒரு வெப் ஏபிஐ கீ உருவாக்கிவிட்டு அமைதியாக இருப்பான். நீங்கள் உண்மையான ஆளுக்கு டிரேட் அனுப்பும் நொடியில் அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் அதே படமும் வைத்த தன் அக்கவுன்டிலிருந்து அதே டிரேடை அனுப்புவான். நீங்கள் போனில் கன்ஃபர்ம் அழுத்துவது அவனுக்கு. பெயரையும் படத்தையும் நம்பாமல், போன் ஆப் காட்டும் ஸ்டீம் லெவலையும் அக்கவுன்ட் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அழுத்துங்கள். நீங்கள் உருவாக்காத கீ இருந்தால் உடனே ரிவோக் செய்து (நீக்கி), எல்லாக் கருவியிலிருந்தும் லாக்அவுட் ஆகி, அதன்பின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், கீயைத் தேடிப் பார்த்து எடுத்தே ஆக வேண்டும்.

2025 ஜூலையிலிருந்து சிஎஸ்2 டிரேடை ஏழு நாளுக்குள் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றால் அந்த ஏழு நாள் டிரேட் எல்லாமே சேர்ந்து திரும்பும், 30 நாளைக்கு டிரேடும் மார்க்கெட்டும் முடங்கும். இதன் மறுபக்கத்தை வாங்குபவர்கள் மறக்கக் கூடாது: வெளியாளிடம் ஸ்கின் வாங்கி முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டால், ஏழாம் நாளுக்குள் அவன் ஸ்கின்னைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியும். பணம் மட்டும் திரும்பாது.