நிலக்கரி கட்டிய ஊர்: லாங்இயர்பைன் நாட்குறிப்பு

ஜூலை 14, 2025

ராத்திரி பதினொன்றரைக்கும் கண்ணைக் கூசும் வெயில். வடக்கே 78 டிகிரியில், நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளின் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது ஊர். இரண்டு பக்கமும் மொட்டை மலை, முன்னால் கடல். மரம் ஒன்றுகூட இல்லை. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் மேற்குக் கரையை ஒட்டிப் போவதால்தான் கோடையில் கப்பல் வர முடிந்தது. குளிர்காலம் முழுக்க வெட்டிக் குவித்த கரியைக் கோடையில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஜூலை 15

சுரங்க வாய்கள் எல்லாம் மலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன. சுமார் 6 கோடி ஆண்டு பழைய கரி அடுக்கு அங்கேதான் படுக்கைவாட்டில் ஓடுகிறது. 1906-இல் அமெரிக்கர் ஜான் மன்ரோ லாங்இயர் இங்கே கம்பெனி தொடங்கினார். 1916-இல் அது நார்வேயின் ஸ்டோர் நோர்ஸ்கே என்ற சுரங்கக் கம்பெனியின் கைக்குப் போனது. வெட்டிய கரி கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் துறைமுகத்துக்கு இறங்கியது. வடத்தைத் தாங்கிய மரக்கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்: சாம்பல் நிறம், நீளவாக்கில் விரிசல், துருப்பிடித்த போல்ட். 1946-க்கு முந்தைய எதையும் இங்கே சட்டப்படி இடிக்கக் கூடாது. நல்ல சட்டம்.

ஜூலை 16

மூன்றாம் எண் சுரங்கம். 1996-இல் மூடியது, இப்போது உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். கரி அடுக்கின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. படுத்து ஊர்ந்துதான் வேலை. நானும் கொஞ்ச தூரம் ஊர்ந்தேன், முழங்கை எரிந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்க இப்படியா என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. முதலாம் எண் சுரங்கத்தில் 1920 ஜனவரியில் நடந்த வெடிவிபத்தில் 26 பேர் இறந்தார்கள்.

ஜூலை 18

மழை. சுக்கர்டொப்பன் மலையடிவாரத்துக்குப் போனேன். 2015 டிசம்பர் 19 அன்று இங்கே பனிச்சரிவில் 11 வீடுகள் பெயர்ந்து இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு பல வீடுகளை இடித்துவிட்டார்கள். சரிவில் இப்போது இரும்புத் தடுப்புகள். கரி இருந்த இடத்தில் ஊர் அமைந்தது. மனிதர் குடியிருக்கத் தோதான இடமா என்று முதலில் யாரும் கேட்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. நிலமும் கைவிடுகிறது. வீடுகள் உறைமண்ணில், அதாவது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணில், இறக்கிய தூண்கள்மேல் நிற்கின்றன. கோடையில் அதன் மேல்மண் முன்பைவிட ஆழமாக இளகுகிறது.

ஜூலை 19

தங்குமிடத்தில் நுழைந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கரித்தூசி உள்ளே வரக்கூடாது என்று சுரங்கக்காரர்கள் தொடங்கிய பழக்கமாம். தூசிதான் இப்போது இல்லை. கடைசியாக இயங்கிய ஏழாம் எண் சுரங்கத்தையும் போன மாதம் மூடிவிட்டார்கள். கரி மின்நிலையம் 2023-இலேயே நின்றுபோனது. இப்போது ஊருக்கு வெளிச்சமும் வெந்நீரும் கப்பலில் வரும் டீசலால்தான்.