பிரைவேட்டுக்கு குடுத்துரலாமா சித்தப்பா?

நேத்து குன்னூர்ல மழைக்கு ஒரு டீக்கடைல ஒதுங்கி நின்னோம், நானும் சித்தப்பாவும். ரோட்டு குழில தண்ணி தேங்கி கெடக்கறத பாத்ததும் "எல்லாத்தயும் பிரைவேட்காரன்ட்ட குடுத்துரணும்டா, அப்பத்தான் உருப்படும்"னு வழக்கம்போல ஆரம்பிச்சுட்டார். அந்நேரம் பாத்து மலை ரயில் கூவுச்சு. "சித்தப்பா, அந்த லைனே பிரைவேட் போட்டதுதான் தெரியுமா"ன்னேன், நம்பவே இல்ல.

நெசமாத்தாங்க. 1891ல வேலைய ஆரம்பிச்ச கம்பெனி 1894ல காசு இல்லாம கைய விரிச்சுருச்சு. 1896ல இன்னொரு கம்பெனி வந்து, 1899ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் வண்டிய ஓட விட்டாங்க. ஆனா 1903ல கவர்மென்ட்டே அத வாங்கிருச்சு, ஊட்டிக்கு ரயில் போனது 1908ல. 12.5 அடிக்கு 1 அடி ஏத்தம், நடுவுல பல்லு வெச்ச தண்டவாளம், மழை வந்தா மண்ணு சரியும், இதுல டிக்கெட் காசுலயே போட்ட பணத்த எடுக்கணும்னா எவனுக்கும் கஷ்டந்தான்.

கீழ சமவெளில மொதமொதல்ல ரயில் போட்ட கம்பெனிகளுக்கு அந்தக் கவலையே இல்ல, லண்டன்ல பணம் போட்டவங்களுக்கு வருஷம் 5 சதவீதம் வருமானம் கவர்மென்ட் கேரண்டி, வருமானம் குறைஞ்சா மிச்சத்த நம்ம ஊர் வரிப்பணத்துல இருந்து குடுத்தாங்க, அப்பறம் செலவ யாரு இழுத்துப் பிடிப்பா சொல்லுங்க. 90கள்ல மகாராஷ்டிரால கரண்ட் தயாரிக்க என்ரான்னு ஒரு அமெரிக்க கம்பெனி வந்தப்பவும் கிட்டத்தட்ட இதே கதை. தாபோல்ல அவங்க போட்ட பிளான்ட் கரண்ட்டுக்கு விலை டாலர் கணக்குல, ரூபா விழுந்தா நம்ம பில்லு ஏறும், எடுக்காத கரண்ட்டுக்கும் காசு கட்டணும், மாநிலம் கேரண்டி, அதுக்கு மேல டெல்லி கேரண்டி. 2001ல பிளான்ட்ட மூடிட்டாங்க. பொலிவியால கோச்சபாம்பான்னு ஒரு ஊரு, நம்ம ஊட்டிய விட கொஞ்சம் உயரம், அங்க 1999ல தண்ணி சப்ளைய ஒரு கம்பெனிக்கு குடுத்தாங்க, பில்லு ஏறுனதும் ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க, 2000 ஏப்ரல்ல ஒப்பந்தமே ரத்து.

அதுக்காக பிரைவேட்டே வேண்டாம்னு சொல்லல. சிலி நாட்டுல 1998ல சான்டியாகோ-வல்பரைசோ ரோட்ட ஏலம் விட்ட விதம் எனக்கு ரொம்ப பிடிக்கும். இத்தன வருஷம்னு கணக்கு கிடையாது, மொத்தமா எவ்வளவு வசூல் போதும்னு குறைச்சுக் கேக்கறவனுக்கு ரோடு, அந்தத் தொகை வர்ற வரைக்கும் டோல் எடுத்துக்கலாம். வண்டி கம்மியா வந்தா வருஷம் தானா நீளும், அதனால ட்ராஃபிக்க ஊதிக் காட்டி ஏலம் எடுத்துட்டு அப்பறம் வந்து ஒப்பாரி வெக்கற வேலை அவ்வளவா நடக்காது. நஷ்டம் வந்தா யார் தலைலன்னு முன்னாடியே எழுதிட்டாங்கல்ல, அதான் விஷயமே.

எல்லாத்தயும் கேட்டுட்டு சித்தப்பா "சரி சரி, கடைசி பஸ் போயிரும், போய் சேந்ததும் போன் பண்றேன்"னு கெளம்பிட்டார். அவர் இருக்கறது எஸ்டேட்டுக்குள்ள முப்பது வீடு இருக்கற லைன், அங்க டவர் போட்டா கட்டுப்படியாகாதுன்னு எந்த கம்பெனியும் எட்டிப் பாக்கல, போன் பண்ணனும்னா தேயிலைக்கு நடுவுல மேட்டுக்கு ஏறணும். ராத்திரி ஒம்போதரைக்கு மூச்சு வாங்கிட்டே கூப்டார்.