பேண்ட் பையில் போகாத கேமரா எதற்கு?

காண்டாக்ஸ் டி2 என்ற பழைய ஃபிலிம் கேமராவை வாங்கலாமா என்று இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் வாட்ஸாப்பில் ஒரே பதிலைத் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

நானும் டி2 ஆசையில்தான் கிளம்பினேன். 1990இல் வந்த கேமரா அது. டைட்டானியம் உடம்பு, ஸைஸ் நிறுவனத்தின் 38 மி.மீ. எஃப்/2.8 'சொன்னார்' (Sonnar) லென்ஸ், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கண்ணாடிகூட சஃபையர். 2017இல் மாடல் அழகி கெண்டல் ஜென்னர் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்றுக்கு அதைக் கையில் கொண்டுவந்தார், அப்புறம் விலை எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். நல்ல கேமரா, மறுக்கவில்லை. ஆனால் இங்கே சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில், பழைய கேமரா விற்கும் ஒரு சீனக் கடைக்கார அங்கிள், டி2வையும் ரிக்கோ ஜிஆர்1எஸ் என்ற இன்னொரு சின்ன ஃபிலிம் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு கடையை ஒரு சுற்று சுற்றி வா" என்றார். டி2 கிட்டத்தட்ட 300 கிராம், நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. ஜிஆர்1எஸ் 180 கிராம்கூட இல்லை. திரும்பி வருவதற்குள் அது பையில் இருப்பதே மறந்துபோயிருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டு பணத்தைப் போடுங்கள். இந்தச் சின்னக் கேமராக்கள் எல்லாமே முழுக்க மின்னணுச் சாமான்கள். பழைய மெக்கானிகல் கேமரா என்றால் யாராவது கழற்றி எண்ணெய் போட்டுத் தருவார்கள், இதில் உள்ளே சர்க்யூட் போனால் அநேகமாகப் போனதுதான். காண்டாக்ஸ் செய்த கியோசெரா 2005லேயே கேமரா தொழிலை விட்டு விலகிவிட்டது. ஜிஆர்1 வகைக் கேமராக்களில் மேலே இருக்கும் எல்சிடியில் வயதாக ஆகக் கோடுகள் மங்குவது ஊரறிந்த விஷயம். அதனால் கடைக்குப் போகும்போது புது பேட்டரியை நீங்களே கொண்டுபோங்கள் (ஜிஆர்1எஸ்ஸுக்கு சிஆர்2, டி2வுக்கு சிஆர்123ஏ). எல்சிடியில் எண்கள் முழுசாகத் தெரிகிறதா பாருங்கள். பின்மூடியைத் திறந்து வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) மாற்றி மாற்றி ஷட்டரை அமுக்கினால், லென்ஸுக்குள் ஓட்டை பெரிதாவதும் சிறிதாவதும் கண்ணுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் அங்கிள் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

ஜிஆர்1எஸ்ஸில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று. ஃபிலிமைப் போட்டு மூடியதும் ர்ர்ர் என்று மொத்த ரோலையும் முதலிலேயே வெளியே இழுத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு படமாக எடுக்க எடுக்க டப்பாவுக்குள் திரும்பிப் போகும். போன தீபாவளிக்கு அக்கா மகன் "மாமா, இது எப்படித் திறக்கும்?" என்று கேட்டுக்கொண்டே திறந்தும்விட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கெட்டது எடுக்காத மிச்ச ஃபிலிம்தான், எடுத்த படங்கள் ஏறக்குறைய எல்லாம் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன. அவனைத் திட்டுவதற்கும் முகாந்திரம் இல்லாமல் போயிற்று.

இன்னொரு கூத்து முழுக்க என் தப்பு. மொத்தமாக வாங்கிக் கையால் சுற்றிய கறுப்பு வெள்ளை ஃபிலிம் மலிவாகக் கிடைத்தது, ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 400. டப்பாவில் டிஎக்ஸ் கோடு, அதாவது ஐஎஸ்ஓவைக் கேமராவுக்குச் சொல்லும் குறியீடு, இல்லை. ஜிஆர்1எஸ்ஸில் ஐஎஸ்ஓவைக் கையால் வைக்க வழி கிடையாது (பின்னால் வந்த ஜிஆர்1வியில் உண்டு), கோடு தெரியாவிட்டால் அதுவே 100 என்று எடுத்துக்கொள்ளும். முழு ரோலும் இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு) அதிக வெளிச்சம் வாங்கி, நெகட்டிவ் தார் பூசினாற்போல் வந்தது. படம் ஏதோ தேறியது, ஸ்லைடு ஃபிலிமாக இருந்திருந்தால் குப்பைதான். இப்போது அந்த ஃபிலிம் போட்டால் மேலே இருக்கும் எக்ஸ்போஷர் சக்கரத்தை மைனஸ் 2இல் வைத்துவிடுகிறேன், கணக்கு சரியாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் ஈடாகத் தைப்பூசம் ஒன்று போதும். சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும் இடத்தில் பெரிய கேமராவைத் தூக்கினால் ஆட்கள் விலகுகிறார்கள் அல்லது போஸ் கொடுக்கிறார்கள். இந்த ஜிஆர்1எஸ்ஸை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ஸ்னாப் மோடில் வைத்தால் ஃபோகஸ் இரண்டு மீட்டரில் நின்றுவிடும். அபெர்ச்சர் எஃப்/8 என்றால் சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் தெளிவு. லென்ஸ் 28 மி.மீ., அகலமாகப் பார்ப்பது என்பதால் கிட்டே போயே ஆகவேண்டும், பால்குடத்திலிருந்து தெறிக்கும் பால் சட்டையில் படுகிற அளவுக்குக் கிட்டே. ஃபோகஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அமுக்கியதும் க்ளிக். வெயில் ஏறிவிட்டால் மட்டும் சிக்கல், ஷட்டர் வேகம் 1/500க்கு மேல் போகாது, 400 ஃபிலிமுக்கு எஃப்/16 வரை மூடவேண்டி வரும். மேகமூட்டமான காலை என்றால் முருகன் அருள்.

இதைவிட விலை குறைவாக வேண்டுமென்றால் ஒலிம்பஸ் மியூ 2 பாருங்கள், 35 மி.மீ. எஃப்/2.8, பிளாஸ்டிக்தான் ஆனால் லென்ஸ் அருமை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஃப்ளாஷ் தானாக ஆட்டோவுக்குப் போய்விடும், அதை அணைத்து அணைத்தே எனக்கு வெறுத்துவிட்டது. நிக்கான் 35டிஐயின் மேலே கைக்கடிகாரம் போல முள் சுற்றுவதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. நானும் இரண்டு முறை மயங்கி, இரண்டு முறையும் பர்ஸைத் திறந்து பார்த்துத் தெளிந்தேன்.

ஜிஆர்1எஸ்ஸின் கவுன்டர் மீதி எத்தனை படம் என்பதைத்தான் காட்டும். இப்போது 9 என்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போகும்போது முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.