மேடையை எழுதினேனா

"மேடைய எழுதிக்கினீங்களா சார்?" என்று வாட்ச்மேன் பெரியவர் கேட்டார்.

"எழுதிட்டேங்கய்யா" என்றேன்.

எழுதவில்லை. எழுதும் எண்ணமும் அப்போது இல்லை.

வங்கிக் கடனுக்காகக் கட்டடங்களை மதிப்பிடுவது என் தொழில். மூடிக் கிடந்த அந்தத் தியேட்டர் எனக்கு அரை நாள் வேலை. எத்தனை கிரவுண்டு, அரசு வைத்த மதிப்பான கைடுலைன் வேல்யூ என்ன, கட்டடத்துக்கு வயது எத்தனை. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஹாலுக்கு மேலே தகரம், முன் வராண்டாவில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இப்படிப்பட்ட கட்டடத்துக்கு நாங்கள் போடும் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. தேய்மானம் கழித்தால் இடிசாமான் விலைதான் மிஞ்சும். அந்தக் கணக்கில் தப்பில்லை, இன்றைக்குப் போட்டாலும் அதையேதான் போடுவேன்.

திரைக்குப் பின்னால் பெரியவர்தான் கூட்டிப்போனார். ஸ்பீக்கர் வைக்க நாலைந்து அடி இருக்கும் என்று நினைத்துப் போனேன். முழு நாடக மேடையே இருந்தது. மேலே தேக்கு உத்தரங்களில் படுதாவை ஏற்றி இறக்கிய கப்பிகள் வரிசையாகத் துருப்பிடித்துக் கிடந்தன. தரையில் ஒரு சதுரப் பலகை மட்டும் தனியாகத் தூக்க வந்தது. "நாரதர் மேலேர்ந்து எறங்குவாரு, ராட்சசன் இதுவழியா வருவான். எங்கப்பாதான் கயிறு இழுப்பாரு" என்றார்.

பேச்சு சென்னை வால்டாக்ஸ் ரோடு ஒத்தவாடைக் கொட்டகைக்குப் போனது. ஒரு பக்கம் மட்டும் வீடுள்ள தெருவை ஒத்தவாடை என்போம். அந்தப் பேரிலேயே சிறுவர்களை நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனிகள் நாடகம் போட்ட கொட்டகை அது. பிற்பாடு பத்மநாபா தியேட்டர் ஆனது. 1931 அக்டோபர் 31-இல் ஜார்ஜ் டவுன் கினிமா சென்ட்ரலில், அதாவது பின்னாளில் நமக்கு முருகன் தியேட்டர் என்று தெரிந்த இடத்தில், 'காளிதாஸ்' வெளியானது. தமிழின் முதல் பேசும் படம். அதற்குப் பிறகு நாடகக் கொட்டகைக்காரர்கள் மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டாமல் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்க முடியும்? மைக் இல்லாமல் நாடக நடிகர் கிட்டப்பா போன்றவர்கள் பாடிய காலத்துக் கொட்டகைகள் இவை. கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரவேண்டும் என்று கட்டியவை. அதே சுவரில் ஸ்பீக்கர் சத்தம் மோதி எதிரொலித்ததால், இங்கே சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டார்களாம். பெரியவர் சொன்னார்.

படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. கடைசியில் 'சிறப்புக் குறிப்புகள்' என்று ஒன்று உண்டு. வழக்கம்போல் அதில் 'இல்லை' என்று எழுதினேன். வங்கி கேட்டது விலையை, வரலாற்றை அல்ல. பழமையைக் காப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வரி எழுதியிருந்தாலும் அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். இப்படிப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால், யாராவது ஒருவர் படித்திருந்தால்? ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்கலாமே? கையில் போன் இருந்ததே.

போன மாதம் பழைய கோப்புகளைக் கழிக்கும்போது அந்த அறிக்கையின் நகல் கிடைத்தது. மேடை அதில் இருக்கிறது. இடிசாமான் பட்டியலில், 'பழைய தேக்கு, சுமார் 140 கன அடி, நல்ல நிலை' என்று. உத்தரங்களை நானே டேப் பிடித்து அளந்திருக்கிறேன். ஆக, பெரியவரிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது. எழுதாமல் விட்டதைக்கூட மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். கன அடியில் எழுதியதை என்னவென்று சொல்வது?

அன்று மேடையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் பெரியவர் அந்தச் சதுரப் பலகையைத் திரும்பப் பொருத்தி, யாரும் தடுக்கி விழக்கூடாதென்று காலால் நாலுமுறை அழுத்திப் பார்த்தார். மூடிக் கிடக்கும் கொட்டகையில் யார் வந்து விழப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் அவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்து அப்படிக் கேட்டார்.