ராணுவம் இல்லாத நாட்டில் சீருடைக்கு விண்ணப்பித்த கதை

மொரிஷியசில் கடலோரக் காவற்படையில் சேர வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், அதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் எங்கும் கிடையாது என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், நானும் என் மகனும் கொளுத்தும் வெயிலில் பேருந்து மாறி மாறி அலைந்திருக்க மாட்டோம். அவன் இப்போது சீருடை அணிந்துவிட்டான். ஆனாலும் அதற்குமுன் சாளரம் சாளரமாக நின்ற எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் போன அலுவலகத்தில் இருந்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பா இசி சா, மிஸ்யே" என்று இது தம் வேலை இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லாமலேயே அடுத்தவரை அழைத்தார். கடைசியில் உண்மையைச் சொன்னவர், கடற்கரைச் சாவடி ஒன்றில் படகுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஓர் இளம் காவலர்தான். கடலோரக் காவற்படையில் இருப்பவர்களும், வாக்வா முகாமில் இருக்கும் சிறப்பு நடமாடும் படையினரும், ஹெலிகாப்டர் பிரிவினரும் அடிப்படையில் போலீஸ்காரர்களே என்று அவர் விளக்கினார். எல்லாருக்கும் மேலே இருப்பவர் ஒரே போலீஸ் ஆணையர். எல்லாருக்கும் நுழைவாயிலும் ஒன்றுதான். பயிற்சிக் காவலர் பணிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்து, தேர்வாகி, பயிற்சி முடித்த பிறகு எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் பிறகு மாற்றலும் உண்டு.

இந்த ஏற்பாடு ஏன் இப்படி இருக்கிறது என்று என் மகன் கேட்டபோது எனக்குத் தெரிந்த பழைய கதையைச் சொன்னேன். இங்கே நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் விலகியபோது, அதன் இடத்தை நிரப்ப 1960இல் போலீசுக்குள்ளேயே சிறப்பு நடமாடும் படை உருவாக்கப்பட்டது. 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியில் கலவரம் மூண்டபோது சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படையினரை வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின்னர், மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது. அதன்பிறகும் தனி ராணுவம் அமைக்கப்படவில்லை. என் அத்தைக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. சீருடை என்றாலே அவருக்கு நினைவுக்கு வருவது, இரண்டாம் உலகப் போரில் பயனியர் படையில், அதாவது ராணுவத்துக்கு வேண்டிய உடலுழைப்பு வேலைகளைச் செய்யும் பிரிவில் சேர்ந்து எகிப்துக்குக் கப்பலேறிய தம் அப்பாதான். 1943 இறுதியில் மடகாஸ்கருக்கு அனுப்பப்பட்ட மொரிஷியஸ் படைப்பிரிவு அங்கே கட்டளைக்குப் பணிய மறுத்ததும், மறு ஆண்டே அது கலைக்கப்பட்டதும் அவருடைய தலைமுறை வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்பட்ட செய்திகள். "போலீஸ் என்றால் சரி, கப்பல் வேண்டாம்" என்பது அவருடைய தீர்ப்பு.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். படிவத்தை நிரப்புவது சிரமமே இல்லை. எங்களைத் தடுத்து நிறுத்தியது குடும்பப் பெயரில் இருந்த ஓர் எழுத்து. நம் தமிழ்ப் பெயர்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சுக் காதால் கேட்டு ஆங்கிலக் கையால் எழுதி வந்த எழுத்தர்களின் புண்ணியத்தால், ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு விதமாகவும் தம்பிக்கு வேறு விதமாகவும் பெயர் பதிவாகியிருப்பது இங்கே வழக்கம். என் மகனின் பிறப்புச் சான்றில் ஒற்றையாக இருந்த மெய்யெழுத்து, பள்ளி இறுதிச் சான்றிதழில் இரட்டையாக அச்சாகியிருந்தது. சாளரத்தில் இருந்த அம்மையார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீலப் பேனாவின் மூடிய முனையை எழுத்துக்குக் கீழே எழுத்தாக நகர்த்திக்கொண்டே போனார். அந்த இடத்தில் முனை நின்றது. இரண்டு முறை தட்டினார். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கண்ணாடிக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். இவை இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். அடையாள அட்டையுடன் ஆளே முன்னால் நிற்கிறானே என்று சொன்னதற்கு, நிற்பவர் யார் என்பது கேள்வி இல்லை, தாளில் இருப்பவர் யார் என்பதுதான் கேள்வி என்றார். கோபம் வந்தாலும், அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியவில்லை.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வு, இரண்டு எழுத்துமுறைகளும் ஒருவரையே குறிக்கின்றன என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து வாங்கிய பிரமாணப் பத்திரம். அதை வாங்குவது அப்படியொன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் அறிவிப்பு வெளியாகி, கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில் அதற்காக ஓடுவதுதான் பெரிய காரியம். ஆகவே பிள்ளைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது என்றால் இன்றே பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள் ஆகிய எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் பல பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் கொடுத்தது இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

அடுத்த தடை நன்னடத்தைச் சான்றிதழ், அதாவது நாம் மொராலிதே என்று சொல்லும் தாள். அதற்கு முகவரிச் சான்று கேட்டார்கள். எங்கள் வீட்டு மின்கட்டண ரசீது இன்னும் காலமான என் அப்பாவின் பெயரிலேயே வருகிறது. அப்பா இறந்தபின் பெயர் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, மின்சாரமும் அதனால் நின்றுவிடவில்லை. சாளரத்தில் இருந்தவரோ, ரசீதில் உள்ளவரே நேரில் வந்து, இந்தப் பையன் தம் வீட்டில்தான் வசிக்கிறான் என்று எழுதித் தர வேண்டும் என்றார். அவர் வருவதற்கில்லை என்று விளக்கியபோது, அப்படியானால் அவருடைய இறப்புச் சான்று வேண்டும் என்றார். அது கையில் இல்லை. அந்தப் பயணம் வீணாயிற்று. இறப்புச் சான்றுடன் மறுபடி போனபோது வேறொருவர் அமர்ந்திருந்தார். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. என் அடையாள அட்டையையும் நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிட்டார். ஒரே சாளரத்தில் ஆள் மாறினால் விதியும் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

சான்றிதழைப் பெற வர வேண்டிய நாளைக் குறித்துக் கொடுத்தபோது ஒரு சிறிய வெற்றி கிடைத்தது. அவர் எழுதிய தேதியைப் பார்த்ததும், அன்று தைப்பூசக் காவடி, அரசு விடுமுறை, நீங்களே இருக்க மாட்டீர்கள் என்றேன். நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தவர் முதன்முறையாகச் சிரித்தார். மறுநாளுக்கு மாற்றி எழுதவில்லை. அதற்கு முன்தினமே வரச் சொல்லிவிட்டார். நான் கவனிக்காமல் இருந்திருந்தால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

காவடியால் வேறொரு சங்கடமும் வந்தது. என் மகன் பத்து நாள் விரதத்தில் இருக்கும்போதே உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. விரதத்தை விடுவதற்கு அவன் சம்மதிக்கவில்லை, தேர்வை ஒத்திவைக்கக் கேட்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. பருப்பும் வாழைப்பழமும் தவிர வேறெதுவும் பெரிதாக உண்ணாமல், வாக்வா மேட்டுநிலத்தின் வழக்கமான தூறலில் அவன் ஓடினான். மைதானத்தின் ஓரத்தில் குடையோடு நின்ற எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஓட்டம் நன்றாகவே முடிந்தது. மருத்துவப் பரிசோதனை ஒரு தடங்கலும் இல்லாமல் கடந்தது. இந்தப் பணிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது நீச்சல் பழகுங்கள் என்பதுதான். தீவில் பிறந்து கடலைத் தினமும் பார்த்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். கடலோரக் காவற்படையைக் கனவு காண்பவனுக்கு அது அழகல்ல.

நேர்முகத் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் பலர் தவறான பாடத்தைப் படித்துவிட்டுப் போகிறார்கள். குற்றவியல் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்திருந்த என் மகனை, ராணுவமே இல்லாத நாட்டை யார் காக்கிறார்கள் என்று கேட்டார்களாம். நல்லவேளையாக, அதற்கு முந்தைய வாரம் முழுவதும் இரவுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான். நிலப்பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள நம் நாட்டுக்கு, கடலில் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலிய வளங்களில் நமக்கே உரிமையுள்ள கடற்பரப்பு இருக்கிறது. அதைக் கண்காணிப்பதற்காகவே 1987இல் கடலோரக் காவற்படை தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்புக்கு இந்தியக் கடற்படை அதிகாரி ஒருவர் வருவது வழக்கம். கல்கத்தாவில் கட்டப்பட்ட பாரகுடா என்ற ரோந்துக் கப்பல் 2015 மார்ச் 12 அன்று போர்ட் லூயியில் பணியில் சேர்க்கப்பட்டது. சட்டவிரோத மீன்பிடிப்பு, போதைப்பொருள் கடத்தல், காணாமற்போன மீனவர்களைத் தேடுதல், அகலேகா, சேன் பிராந்தோன் போன்ற தொலைதூரத் தீவுகளில் காவல் என்று அந்தப் படையின் வேலை விரிந்துகொண்டே போகிறது. சோமாலியக் கடற்கொள்ளை வழக்கிலும் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. 2013இல் பிரெஞ்சுக் கடற்படை பிடித்த 12 சந்தேக நபர்கள் இங்கே விசாரணைக்காக ஒப்படைக்கப்பட்டார்கள்.

வாகாஷியோ கப்பலைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2020 ஜூலை 25 அன்று புவான்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறிய அந்தக் கப்பலிலிருந்து ஆகஸ்ட் மாதம் எண்ணெய் கசியத் தொடங்கியபோது, மாயேபூர்க் கடற்கரையில் எண்ணெயைத் தடுக்க, கரும்புச் சோகையை அடைத்து மிதவைத் தடுப்பு தைத்த மக்களில் என் மகனும் ஒருவன். கண்காணிப்பு இன்னும் விழிப்பாக இருந்திருந்தால் அந்தக் கப்பல் அவ்வளவு அருகில் வந்திருக்குமா என்ற கேள்வி அப்போது ஊர் முழுவதும் இருந்தது, எனக்கு இன்றும் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தேர்வுக்குழுவின் முன் எழுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் எழுப்பிவிட்டான். அவர்கள் முகம் சுளிக்கவில்லை என்றும், மாறாக அதைப் பற்றியே மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள் என்றும் வந்து சொன்னான்.

போ பாசேனில் உள்ள போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடிந்தது. பணியிடம் வந்தபோது அதில் கடல் இல்லை, வாக்வாவின் சிறப்பு நடமாடும் படை இருந்தது. அவன் முகம் வாடியது உண்மை. ஷாம் தெ மார்ஸ் மைதானத்தில் மார்ச் 12 அணிவகுப்பில் மிடுக்காக நடக்கும் படை என்று மட்டுமே அதை அறிந்தவர்கள், அங்கே போகும் பிள்ளை துப்பாக்கியைவிட மண்வெட்டியை அதிக நேரம் பிடிக்க நேரும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் திடீர் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனபோதும், 2024 ஜனவரியில் பெலால் புயல் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டபோதும் சேற்றில் இறங்க வேண்டியிருந்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தாம். வெடிகுண்டு அகற்றுவது, கலவரத்தை அடக்குவது, மலையில் வழிதவறியவர்களை இறக்கிக் கொண்டுவருவது என்று வேறு நாடுகளில் தனித்தனிப் படைகள் செய்யும் வேலைகள் எல்லாம் இங்கே ஒரே முகாமுக்கு வந்து சேர்கின்றன. மேற்பயிற்சிக்காக இந்தியாவுக்கோ பிரெஞ்சுப் படையினரிடமோ சிலரை அனுப்புவதும், கட்லஸ் எக்ஸ்பிரஸ் போன்ற கூட்டுப் பயிற்சிகளில் வெளிநாட்டுப் படைகளோடு நம்மவர்கள் கலந்துகொள்வதும் உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு வரும் என்ற நம்பிக்கையில் என் மகன் பிரெஞ்சுக்காரனைப் போல் பேசப் பழகிக்கொண்டிருக்கிறான்.

கடலோரக் காவற்படைக்கு மாற்றல் கேட்டு அவன் கடிதம் எழுதியிருக்கிறான். நேற்று அதை எனக்குக் காட்டியபோது, பெயர் பற்றிய பிரமாணப் பத்திரத்தின் பிரதியையும் பின்னால் இணைக்கச் சொன்னேன். "அதை யாரும் கேட்கவில்லையே அப்பா" என்றான். கேட்பார்கள், இணை என்றேன்.