காதால் படிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாடக் கோப்பு

எனக்குப் பார்வை குறைவு. திரையை உற்றுப் பார்த்தால் சீக்கிரமே கண் வலிக்கும் என்பதால் இணையவழிப் பாடங்களைப் பெரும்பாலும் கேட்டுத்தான் படிக்கிறேன். எந்தச் செயலி நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் செயலி, இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் கூடவே வருகிறது. இரண்டிலும் தமிழ்க் குரல் வைத்துக்கொள்ளலாம். தகராறு செய்வது பாடக் கோப்புதான்.

பிடிஎஃப் கைக்கு வந்ததும் அதில் ஒரு சொல்லைத் தேர்வு செய்து பாருங்கள். சொல் பிடிபடாமல் பக்கம் முழுவதும் ஒரே படமாக நின்றால், அது ஸ்கேன் செய்த கோப்பு. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள் மாதிரி. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருள் வழியாக எழுத்தாக மாற்றிய பிறகுதான் வாசிக்கும், அப்போதும் சில எழுத்துகள் பிறழலாம்.

சொல் பிடிபட்டால் அதை நகலெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா', கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்து வரிசையாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், குரலுக்குக் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். ஆசிரியரிடம் முதலிலேயே யூனிகோடு கோப்பு கேட்டு வாங்கிவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

புதிய பாடத்தை மெதுவான வேகத்தில் கேளுங்கள். திருப்புதலின்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தலைப்புகளுக்கு முறையான தலைப்பு வடிவம் கொடுத்த பக்கமாக இருந்தால், என்விடிஏவில் எச் விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். எழுத்தை வெறுமனே தடித்து, பெரிதாக்கி வைத்திருந்தால் தாவ முடியாது. தேர்வுக்கு முந்தைய இரவில்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தைச் சொற்களில் விளக்கும் குறிப்பு, கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். 'படம் 3: வரைபடம்' என்று எழுதி அனுப்புவார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு வரி இருந்தால் போதும். காணொளியில் ஆசிரியர் 'இதோ, இதைப் பாருங்கள்' என்று சுட்டிக்காட்டுவதும் இதே கதைதான்.

அப்புறம், இணையத் தேர்வு. மாதிரித் தேர்வு ஒன்றை மவுஸைத் தொடாமல், டேப் விசையாலேயே முடிக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விடையை இழுத்துப் பொருத்தச் சொல்லும் கேள்விகளில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான, 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறை, இழுக்காமல் சொடுக்கியே செய்யும் மாற்றுவழியும் இருக்க வேண்டும் என்கிறது. நேர வரம்பைப் பற்றி அதன் முந்தைய பதிப்புகளிலேயே விதி உண்டு, ஆனால் நிகழ்நேரப் போட்டி போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் தேர்வு நாள் வரை காத்திருக்காதீர்கள். பாடத்தில் சேர்ந்த வாரத்திலேயே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.