சுண்ணாம்புக்கல்லைத் தேடி விளைவித்த பினோ நுவார்

கலிபோர்னியாவில் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையை வளர்ப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் நிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஜாஷ் ஜென்சன் காட்டிய பிடிவாதத்துக்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆக்ஸ்போர்டில் மானுடவியல் படித்த அவர், 1970-இல் பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டிக்குச் சென்று ரொமானே-கோன்டி பண்ணையிலும், அடுத்த ஆண்டு டூஷாக் பண்ணையிலும் அறுவடைக் காலத்தில் வேலை செய்தார். பினோ நுவார் முழுமையாகச் சிறக்கச் சுண்ணாம்புக்கல் நிலம் வேண்டும் என்ற பர்கண்டிக்காரர்களின் நம்பிக்கை அங்கேதான் அவருக்குள் வேரூன்றியது. கலிபோர்னியாவிலோ அத்தகைய நிலம் அரிது. நிலவியல் வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு தேடி அலைந்தவர், சான் பெனிட்டோ மாவட்டத்தின் ஹார்லன் மலையில், பழைய சுண்ணாம்புக் காளவாய் ஒன்று இன்னும் இடியாமல் நின்ற சரிவைக் கண்டடைந்து 1974-இல் வாங்கினார். அவருடைய ஒயின் நிறுவனத்துக்கு இட்ட கலேரா (ஸ்பானிய மொழியில் சுண்ணாம்புக் காளவாய்) என்ற பெயரும், புட்டியின் மேலுள்ள படமும் அந்தக் காளவாயுடையவை.

1975-இல் அங்கே ஏறத்தாழ 24 ஏக்கரில் கொடிகள் நடப்பட்டன. ஆனால் அதை ஒரே தோட்டமாகக் கொள்ளாமல், சரிவின் திசையையும் மண்ணையும் பார்த்து ஜென்சன், செலக், ரீட் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பழத்தையும் தனியாகப் பறித்து, தனியாக நொதிக்கவிட்டு, தனிப் பெயரிலேயே புட்டியில் அடைத்தார். மூன்றையும் கலந்து ஒரே ஒயினாக விற்பது எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாததை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் ஒரே கையால், ஒரே முறையில், அருகருகே உள்ள சரிவுகளில் இருந்து செய்யப்பட்ட ஒயின்கள் வேறுபட்டுச் சுவைக்கும்போதுதான், நிலத்துக்கு ஒரு குரல் உண்டு என்று சொல்வது வெறும் விளம்பரப் பேச்சாக இல்லாமல், யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றாகிறது.

இவற்றில் பெரியது ஜென்சன் தோட்டம். அவருடைய தந்தையின் நினைவாகப் பெயரிடப்பட்டது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,200 அடி உயரத்தில், மழை குறைந்த, மண் மெலிந்த அந்தச் சரிவில் கொடி அதிகம் காய்ப்பதில்லை. காய்ப்பவையும் சிறிய மணிகள். பினோ நுவாரின் தோல் மெல்லியது, அதில் நிறமும் குறைவு, சாறோ நிறமற்றது. எனவே சாற்றுக்குத் தோல் அதிகமாக அமையும் சிறு மணிகள் இந்த ஒயினுக்குப் பெரும் பலம்.

செய்முறையில் அவர் பர்கண்டியில் கற்றதை விட்டு விலகவே இல்லை. பழத்தைக் காம்பில் இருந்து உதிர்க்காமல், குலைகளை முழுதாகவே தொட்டியில் இடுவார்கள். நசுங்காத மணிகளுக்குள்ளேயே நொதித்தல் தொடங்குவதால் நறுமணம் கூடுகிறது. காம்புகளோ துவர்ப்பையும் மசாலாவை ஒத்த ஒரு வாசத்தையும் தருகின்றன. பழுக்காத காம்பு இருந்தால் பச்சைக் கசப்பு ஏறிவிடும் என்பதால் இது துணிச்சல் தேவைப்படும் முறை. வெளியில் வாங்கிய ஈஸ்ட்டைச் சேர்க்காமல், பழத்தோடும் கூடத்தோடும் இயல்பாக உள்ளதையே வேலை செய்ய விடுகிறார்கள். ஒயின் ஆலை, மலைச் சரிவில் முன்பு கல் உடைக்கும் ஆலையாக இருந்த அடுக்கடுக்கான கட்டடம். அதனால் பழமும் சாறும் ஒயினும் ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து கீழே தாமாகவே இறங்குகின்றன. பம்பின் அலைக்கழிப்பு குறைகிறது. பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் முதிரவிட்டு, வடிகட்டாமல் புட்டியில் அடைக்கிறார்கள்.

சுண்ணாம்புப் பாறையின் சுவை அப்படியே கோப்பைக்குள் வருகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பாறை செய்வது வேறு வேலை: மிகுந்த நீரை வடித்துவிட்டு, வறண்ட காலத்துக்குச் சிறிது ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. வெயில், காற்று, சரிவின் திசை ஆகியவற்றுக்கும் இதே அளவு பங்கு உண்டு என்பதற்கு, வடக்கு நோக்கிய ரீட் தோட்டத்தின் ஒயின் மற்றவற்றோடு ஒத்துப்போகாததே சான்று.

1990-இல் அமெரிக்க அரசு ஹார்லன் மலையைத் தனி ஒயின் வட்டாரமாக அங்கீகரித்தது. 2017-இல் கலேரா டக்ஹார்ன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜென்சன் 2022-இல் காலமானார். இந்த ஒயினை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காம்போடு நொதித்த பினோ நுவார் இளமையில் இறுக்கமாகவே இருக்கும். ஆகவே இயன்றால் சில ஆண்டுகள் குளிர்ந்த இருளில் வைத்திருந்து, ஜென்சன், ரீட் தோட்டங்களின் ஒயின்களை ஒரே ஆண்டு அறுவடையில் இருந்து எடுத்து ஒருங்கே திறந்து அருந்துங்கள்.